மேல் டிவிஷன் சீட்டில் ஒரு வரி

அக்காவுக்கு என்னைவிட எட்டு மாதம் வயது குறைவு. இருந்தாலும் ஆபீசில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். கீழே ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கு எங்கள் அப்பாமார் வயது. அவரே படியடியில் நின்று, "அக்கா மேல ஈக்காங்களா?" என்றுதான் கேட்பார். பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வைக்கிற முகம் அக்காவுக்கு. எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. நான் வாயைத் திறக்கும் முன்பே ஜனங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அந்த முகத்தை வைத்து நான் நிறையத் தப்பித்திருக்கிறேன். ஒரு தடவை தப்பித்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

ஹட்டன் டவுனில், நானாவின் கடைக்கு மேலே, பனி சொல்லாமல் ஜன்னல் வழியாக வந்து உட்காரும் இரண்டு அறை எங்கள் ஆபீஸ். மழை எல்லை மீறினால், தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்குப் போனில் செய்தி போக வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனிலும் ஒரு மழைமானி. டிவிஷன் ஆபீசில் பிஸ்கட் டின் அளவில் ஒரு சேர்வர். அதற்குள் ஓடும் அப்ளிகேஷன் மழையின் அளவை வாசித்துக்கொண்டே இருக்கும். அளவு கூடினால், "மண் சரியலாம், உடனே ஸ்கூலுக்குப் போங்க" என்று அந்த லயத்து நம்பர்களுக்கெல்லாம் மெசேஜ் தட்டிவிடும்.

எல்லாத் தோட்டத்துக்கும் அப்ளிகேஷன் ஒன்றுதான். ஆனால் எத்தனை மில்லிமீட்டரில் கத்த வேண்டும், யாருக்குக் கத்த வேண்டும், எங்கே போகச் சொல்ல வேண்டும், எந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் டிவிஷனுக்கு டிவிஷன் வேறு. புது சேர்வர் ஒன்றைத் தயார் பண்ணும்போது இந்த வித்தியாசங்களை அதன் காதில் எப்படி ஓதுவது? இந்தக் கேள்வியில் எங்கள் ஆபீசில் மூன்று மதங்கள் இருந்தன.

முதலாவது, எங்கள் முதலாளி சேரின் மதம். தோட்டத்துக்கு ஒரு முழுப் பிரதி. எல்லா செட்டிங்கையும் உள்ளேயே போட்டு வேகவைத்து மூடிவிடுவது. சுலபம்தான், அப்ளிகேஷனில் ஒரு சின்னத் திருத்தம் வரும்வரை. வந்தால் பதினான்கு பிரதியையும் திறந்து பதினான்கு தடவை திருத்த வேண்டும். அப்படி ஒரு நாள் திருத்தும்போது இரண்டு பிரதிகள் இடம் மாறிவிட்டன. டயகம பக்கம் ஒரு லயத்துக்கு, ஹட்டன் பக்கத்து ஸ்கூலுக்கு வரச் சொல்லி டெஸ்ட் மெசேஜ் போய்விட்டது. ஒரு பெரியவர் போன் எடுத்து, "வர்றோம் தம்பி, பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பிரதிகளை மாற்றிப் போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது என் மதம். கைவைத்திய மதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெஷினை எப்படியாவது ஓடவிடுவது, பிறகு போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ உள்ளே நுழைந்து வேண்டியதை அங்கேயே மாற்றுவது. இரண்டு நிமிட வேலை. அந்த மெஷின் உயிரோடு இருக்கும்வரை குறையே சொல்ல முடியாது.

மூன்றாவது அக்காவின் மதம். மூலப் பிரதி ஒன்றே ஒன்று, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. டிவிஷனுக்கு ஒரு சின்னக் கோப்பு. அக்கா அதைச் சீட்டு என்பார். மூலத்தோடு ஒத்துப்போகிற எதுவும் சீட்டில் இருக்காது, வேறுபடுவது மட்டும் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம்: என்ன, காரணம், பேர். ஒருவர் எழுதிய வரியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, வேண்டுமானால் புது வரி சேர்க்கலாம். புது மெஷின் முதல் தடவை கண் விழிக்கும்போது மூலத்தை எடுத்துக்கொள்ளும், சீட்டை வாசிக்கும், அந்த டிவிஷனுக்கு உரியதாகிவிடும். இதற்கு அக்கா வைத்த பெயர் பெரட்டு, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்தின் பெயர்.

"காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கிறாங்க. யாரு எந்த மலைக்குன்னு கண்டாக்கு அய்யா அங்கதான் பிரிச்சுச் சொல்றாரு. நெத்தியில பச்சையா குத்தி அனுப்புறாரு?" என்று கேட்பார். அவருடைய அம்மா முப்பது வருஷம் பெரட்டில் நின்றவர். 

அந்தச் சீட்டுகளை வாசிப்பதே ஒரு சுகம். 'எல்லை குறைவு. காரணம்: லயத்துக்கு மேலே பழைய வடிகான் அடைபட்டிருக்கு, தண்ணி வேறு பக்கம் இறங்குது.' 'கடைசி நம்பருக்கு முதலில் அனுப்பவும். காரணம்: அந்த வீட்டில்தான் சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஆள் இருக்கு.' ஒரு டிவிஷனைப் பார்க்காமலே அங்கே யார் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம்.

மனுஷி வாழ்ந்ததும் இந்த மாதிரித்தான். மத்தியானம் பக்கத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்குவோம். சம்பலில் புளி போதாது என்பது அக்காவின் தீராத குறை. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றேன். "அவரு சம்பல் அவருக்குச் சரி" என்று சொல்லி, பையிலிருந்து அரைத் தேசிக்காயை எடுத்துத் தன் பங்கில் மட்டும் பிழிந்தார். ஆபீசில் உயரத்தை மாற்றுகிற நாற்காலி இருந்தது. அக்கா அந்தப் பிடியைத் தொட்டதே இல்லை. வீட்டிலிருந்து ஒரு குஷன் கொண்டு வந்து போட்டுக்கொண்டார். பஜாரில் வாங்கிய மழைக்கோட்டின் கை ஒரு சாண் நீளம். வெட்டித் தைக்கச் சொன்னோம். மடித்து இரண்டு ஊக்குக் குத்திக்கொண்டு வந்தார்.

"வெட்டினா என் அளவோட நின்னுரும். மடிச்சா நாளைக்கு வேற யாரும் போடலாம்" என்றார்.

அன்று முழுக்க நானும் இரண்டு சட்டைக் கையிலும் ஊக்குக் குத்திக்கொண்டு, குரலை இறக்கி, "காரணம் எழுதினீங்களா? பேர் எழுதினீங்களா?" என்று ஆபீசைச் சுற்றி வந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பிறகு வந்து, "ஊக்கைத் திருப்பிக் குடுங்க, கணக்கா வச்சிருக்கேன்" என்றார்.

இனி என் கதை. ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் புது சேர்வர் வைக்க வேண்டி வந்தது. சீட்டு எழுதியது நான். வழக்கமாக அக்கா ஒரு தடவை வாசித்த பிறகுதான் பெரட்டு. அந்த வாரம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அவர் கண்டிக்குப் போயிருந்தார். நானே வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அந்த அப்ளிகேஷன் கொழும்பில் வாங்கியது. ஒன்றும் சொல்லாவிட்டால் சிங்களத்தில்தான் பேசும். அதனால் எல்லாச் சீட்டிலும் முதல் வரி 'மொழி: தமிழ்' என்று இருக்கும். நான் எழுதிய சீட்டில் அந்த வரி இல்லை.

கினிகத்தேனையில் பஸ் டீக்கு நின்றிருந்தபோது மேல் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர் போன் பண்ணினார். டெஸ்ட் மெசேஜ் சிங்களத்தில் வந்திருக்கிறதாம். "சிங்களம் நாங்க பேசிருவோம் தம்பி, வாசிக்கத்தான் வராது. எல்லாரும் போன் ரீலோட் விளம்பரம்னு அழிச்சுட்டாங்க" என்றார். ஒரு கையில் வடை. மறு கையால் போனிலிருந்து மெஷினுக்குள் போனேன், மொழியைத் தமிழாக்கினேன், திரும்ப ஓடவிட்டேன். வடை ஆறவில்லை. தலைவர் மறுபடி போன் பண்ணி, நீங்க நல்லா இருக்கணும் தம்பி என்றார். எனக்கு என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

சீட்டில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் காரணம் எழுத வேண்டும். காரணம்: எழுதியவர் மறந்துவிட்டார். பேர்: அதே ஆள். கண்டியிலிருந்து வந்ததும் அக்கா அதைத்தான் முதலில் வாசிப்பார். நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். எங்கள் பக்கம் நாளைக்கு என்றால் மழை விட்ட பிறகு என்று அர்த்தம். மழை எப்போது விடும் என்று யாரும் கேட்பதில்லை.

மாதங்கள் போயின. மேல் டிவிஷனுக்கு டெஸ்ட் மெசேஜ் தமிழில்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அங்கே இடி விழுந்து சேர்வர் கருகிப்போனது. அக்கா பதறவில்லை. புது மெஷினை மேசையில் வைத்து, சீட்டைத் திறந்து, அரை மணிக்குள் பெரட்டு எடுத்தார். மழை வாரத்தில் டெஸ்ட் மெசேஜ் அனுப்புவதில்லை, ஜனங்கள் பதறி ஓடிவிடுவார்கள் என்பது சேர் போட்ட சட்டம். அதனால் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சீட்டு நீங்க எழுதினது. எல்லாம் இருக்குல்ல?"

என் வாயில் ரொட்டி இருந்தது. "இருக்கு" என்றேன்.

மறந்திருந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அக்கா கேட்ட அந்த நொடியில் கினிகத்தேனையும் வடையும் நன்றாக நினைவுக்கு வந்தன. சாயந்தரம் மெஷினை டிவிஷன் ஆபீசில் பொருத்திவிட்டு வருவார்கள், அப்புறம் சத்தமில்லாமல் உள்ளே போய்ப் பழையபடி கைவைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயந்தரம் கரண்ட் போனது. நானும் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை என் மச்சானின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். அங்கே எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே மறந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் டிவிஷனில் மழை எல்லையைத் தாண்டியது. மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது. லயத்தில் இருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் கீச்சிட்டன. எல்லாரும் எடுத்துப் பார்த்தார்கள், சிங்கள எழுத்து. அழித்துவிட்டு அடுப்பு வேலைக்குத் திரும்பினார்கள்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று லீவில் வந்திருந்தது. அது சிங்களம் வாசிக்கும். அம்மாவின் போனைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு, நனைந்துகொண்டே லயம் முழுக்க ஓடிக் கதவுகளைத் தட்டியது. அத்தனை பேரும் ஸ்கூலுக்கு ஏறினார்கள். கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த ஒரு அம்மா மட்டும் பின்னால் ஆட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். கதவு தட்டியது கேட்கவில்லை. மண் வந்தபோது கொட்டகைச் சுவர் அவர் காலின் மேல் விழுந்தது. தோண்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

திங்கட்கிழமை சேர் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார். முன்பு தமிழில் போனது எப்படி மாறியது? அக்கா சீட்டைத் திரையில் காட்டினார். மொழி வரி இல்லை. அப்படியானால் முன்பு தமிழில் போயிருக்கவே கூடாதே என்றார் சேர். அக்கா எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"யாராச்சும் உள்ள போய்க் கை வச்சீங்களா?"

நான் சொன்னேன்: "அந்த டிவிஷன் ஆபீசுக்குள்ள குரங்கு வரும் அக்கா. அது தமிழ்க் குரங்கா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். முந்தின ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை, சிரிப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. அக்காவும் கொஞ்சம் சிரித்தார். நான் இந்த ஆபீசில் எத்தனையோ பகிடி விட்டிருக்கிறேன். அவ்வளவு நல்ல வரவேற்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை.

அக்கா சேரிடம், "கடைசியா பெரட்டு எடுத்தது நான். வாசிச்சுப் பார்த்திருக்க வேண்டியதும் நான்தான்" என்றார். 'இருக்கு' என்று நான் சொன்னதை அவர் சொல்லவில்லை. சேர் அந்த வாரமே, இனிப் பெரட்டு எடுக்கிற பொறுப்பு என்னுடையது என்று மாற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'ஐயோ, எனக்கா!' என்று முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மேல் டிவிஷனுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கப்போவதாக அக்கா சொன்னார். யாரும் போகச் சொல்லவில்லை. துணைக்கு நானும் போனேன். குற்றம் செய்தவன் ஸ்தலத்துக்குத் திரும்பிப் போவான் என்பது எவ்வளவு உண்மை. லயத்து ஆட்கள் எல்லாரும் ஸ்கூலில்தான் இருந்தார்கள். கால் முறிந்த அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுக் கட்டுக் காலோடு படுத்திருந்தார். கொண்டுபோன பால்மா பெட்டியை வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு எங்களுதும்மா" என்றார்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுது என்னம்மா. ஒங்க மெசேஜு வந்துச்சே, என் கையாலதான் அழிச்சுப்புட்டேன். எழுத்து தெரியாத மூதி நானு. தப்பு என்னோடது."

அதற்கும் என்னிடம் ஏதாவது பகிடி இருந்திருக்கும். நல்ல வேளை, பால்மா பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைக்கக் குனிந்துவிட்டேன்.

நாங்கள் எழுந்து வெளியே வரும்போது தலைவர் எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அன்னைக்கு இதே மாதிரி சிங்களத்துல வந்தப்போ நீங்கதானே பஸ்ஸுல இருந்தே சரி பண்ணிக் குடுத்தீங்க. மறுபடி எப்படித் தம்பி மாறிச்சு?"

அக்கா பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்து ஊக்குக் குத்தியிருந்த கோட்டுக் கையை ஒரு தடவை சரிசெய்துகொண்டார். தலைவரிடம், "இனி மாறாதுங்க தலைவரே" என்று மட்டும் சொன்னார்.

ஹட்டன் வரை ஒன்றரை மணி நேர பஸ். அடுத்த வளைவில் கேட்பார், அதற்கடுத்ததில் கேட்பார் என்று நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். எங்கள் ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமில்லை. அக்கா பேசியது ஒரு தடவைதான். "ஜன்னலச் சாத்துங்க, தூறல் அடிக்குது."

மறுநாள் மேல் டிவிஷன் சீட்டைத் திறந்தேன். முதல் வரியாக அக்கா சேர்த்திருந்தார். 'மொழி: தமிழ். காரணம்: இங்கே சிங்களம் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. தலைவர் முன்பே சொன்னார்.' பேர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

எத்தனையோ நூறு வரி எழுதியவர். பேர் எழுதாமல் ஒரு வரி விட்டதில்லை. என் பேரைப் போட்டிருக்கலாம், தலைவரே சாட்சி. தன் பேரைப் போட்டிருந்தால் நான் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பேன். இரண்டையும் செய்யவில்லை. நாங்கள் பேசுவதும் சிரிப்பதும் பழையபடியே நடந்தது. நாலைந்து மாதத்தில் கண்டியில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்று குஷனை விட்டுவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நாற்காலி உசரம் மாத்தாதீங்க, அதுக்குத்தான்" என்றார்.

இப்போது அந்தக் குஷனில் உட்கார்ந்திருப்பது நான். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று மதத்தையும் விளக்குகிறேன். அக்காவின் மதத்துக்கே மாறிவிட்டேன், பெரட்டு, கண்டாக்கு அய்யா எல்லாம் சொல்லித்தான் பாடம். அவர்களும் ரசிக்கிறார்கள். மேல் டிவிஷன் சீட்டை மட்டும் உதாரணத்துக்குத் திறப்பதில்லை.

போன வாரம் மழை பிடித்தது. எல்லாச் சீட்டையும் ஒரு தடவை பார்க்க வேண்டி வந்தது. மேல் டிவிஷன் வந்தது. காலிக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அதில் என் பேரை எழுதப் போனேன். பிறகு நினைவு வந்தது, அக்கா எழுதின வரியில் நான் கை வைக்கக் கூடாது, புது வரியாகத்தான் சேர்க்க வேண்டும். அடுத்த வரியில் எழுதினேன்: 'மேல் வரிக்குரிய பேர்.' பக்கத்தில் என் முழுப் பேர். காரணக் கட்டத்தைக் காலியாகவே விட்டுச் சேமித்தேன்.

சீட்டில் ஒரு எழுத்து மாறினாலும் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அறிவிப்புப் போகும். சேருக்குப் போயிருக்கும். சாயந்தரத்துக்குள் கூப்பிடுவார், சொல்லத்தான் வேண்டும். பட்டியலில் இன்னொரு நம்பரும் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைப் பட்டியலிலிருந்து நீக்க எனக்குக் கை வரவில்லை.

கால் மணி நேரத்தில் அந்த நம்பரிலிருந்து ஒரு வரி வந்தது.

"காரணம் எழுதல."

சீட்டைத் திரும்பத் திறந்தேன். கட்டம் சின்னது, பகிடிக்கு இடம் இல்லை. எழுதினேன்:

'எல்லாம் இருக்கா என்று அக்கா கேட்டபோது இருக்கு என்றேன். இல்லை என்று எனக்குத் தெரியும்.'